நானூற்று முப்பதாவது கள்ளிக் கொம்பு

இப்போது ஆகாயத்திலிருந்து படம் எடுத்து மரங்களை எண்ணுகிறார்களாம். எங்கள் இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இருவர் சென்ற மாதம் பாளையம்பட்டியில் என் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். மூடிய சுரங்கங்களில் நட்ட மரங்களை யாரும் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. படத்தில் பச்சையாகத் தெரிவதைக் கருவியே எண்ணிவிடுமாம்.

"பச்சையாத் தெரியறதெல்லாம் கன்றா?" என்று கேட்டேன். அதற்குமேல் என் மனம் பேச்சில் நிற்கவில்லை. வாசலில் நான்கு செருப்புகள் கிடக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் தெரிந்தன. நான்காவது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது என்பது அவர்கள் கிளம்பும்போதுதான் தெரிந்தது. இலாகா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பச்சையை எண்ணுவதைப் பற்றி எனக்கு ஒரு சங்கதி தெரியும். அதையே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் இரண்டே விஷயங்கள் மனதில் தங்கின. குழி ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். குழிக்கும் குழிக்கும் பன்னிரண்டு அடி இடைவெளி. அதற்காகப் பன்னிரண்டு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு கொடுத்தார்கள். என் கயிற்றில் ஏழாவது முடிச்சு நாலு விரல் தள்ளி விழுந்திருந்தது. சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வேலை பரளச்சிக்குத் தெற்கே, கரட்டூர் என்ற சின்னக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். ஒரு கம்பெனி பதினோரு வருஷம் வெட்டிவிட்டு, கல் தீர்ந்ததும் போய்விட்டது. மிச்சம் இருந்தவை: ஒரு பெரும்பள்ளம், அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கழிவுமேடு, லாரிகள் வந்துபோன ஒரு மைல் சாலை. கரட்டூரில் நாற்பத்து மூன்று வீடுகள். அவர்களுடைய கிணற்றைவிடச் சுரங்கம் ஆழமாகப் போனபோது கிணற்று நீர் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. பள்ளத்தில் தேங்கிய நீரோ பால் நிறத்தில் நாக்கைச் சுருட்டும் கசப்பு. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊர்ப் பெண்கள் குடிநீருக்கு மூன்று மைல் நடந்தார்கள்.

எங்களுக்கு வந்த உத்தரவு இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று, கழிவுமேட்டில் அறுநூற்று நாற்பது குழி வெட்டி வேம்பும் வாகையும் புளியும் நட்டு, வாரம் இரண்டு நாள் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, குழிக்கு ஒரு குடம் ஊற்ற வேண்டும். இரண்டு, கள்ளத்தனமாகக் கல் எடுப்பவர்கள் வராதபடி லாரிச் சாலையை மூடி, அதன் வாயிலில் அறுபத்து நான்கு கன்றுகள் நட வேண்டும். சாலை எப்போதும் மூடியே இருக்க வேண்டும். சாலையை மூடிவிட்டால் தண்ணீர் லாரி எப்படி வரும் என்று உத்தரவில் இல்லை.

என் மேலதிகாரி சூப்பர்வைசர் ஞானமுத்து. அருப்புக்கோட்டைக்காரர், கிறிஸ்தவர், ஒடிசலான மனிதர். தினமும் காலை ஏழு மணிக்கு எல்லாரையும் நிற்கவைத்து உத்தரவை முதல் வரியிலிருந்து வாசிப்பார், வேதபாடம் மாதிரி. எதைக் கேட்டாலும் "எழுத்துல என்ன இருக்கு?" என்பார். தனக்குக் குடிக்க வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். லாரித் தண்ணீரில் கைகூட நனைக்க மாட்டார். அது கன்றுகளுடையது.

சாலைச் சிக்கலை அவர் ஒரு பகலில் தீர்த்தார். அறுபத்து நான்கு கன்றுகளையும் பனையோலைக் கடகப் பெட்டிகளில் மண் நிரப்பி நட்டு, பெட்டிகளைச் சாலைக்குக் குறுக்கே வரிசைக்கு நாலாகப் பதினாறு வரிசை வைத்தார். லாரி வந்தால் ஓரமாகத் தூக்கி வைப்பது. போனதும் திரும்ப வைப்பது. சாலை எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்று எழுத்தில் இருந்ததால், லாரி உள்ளே போனதும் மூடி, வெளியே வரும்போது மறுபடி திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு லாரி இரண்டு நடை. ஆக ஐந்நூற்றுப் பன்னிரண்டு முறை பெட்டி தூக்கினோம்.

லாரி டிரைவர் சுப்பையா தூரத்திலேயே ஆரனை அமுக்கிக்கொண்டு, "ஏலே, தோட்டத்தத் தூக்குங்கடா! தோட்டம் வழி மறிக்குது!" என்று கத்துவான்.

என் வேலை எண்ணுவது. குழிக்குக் குழி சுண்ணாம்பு அடித்த கல்லில் எண் எழுதி, மாதக் கடைசியில் பச்சை எத்தனை, காய்ந்தது எத்தனை என்று பதிய வேண்டும். அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. அடுத்த ஐப்பசியும் பொய்த்தது. சுண்ணாம்பு மண் வேரைச் சுட்டது. நானே மூன்று முறை எண்ணியதில் பச்சை இருநூற்றுப் பதினொன்று. காய்ந்தது நானூற்று இருபத்தொன்பது. ஆச்சரியம், சாலைப் பெட்டிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. நாளெல்லாம் பயணம் செய்த கன்றுகள் செழித்தன. இருந்த இடத்தில் இருந்தவை செத்தன.

"நானூத்தி இருபத்தொம்பது இறப்புன்னு எழுதவா சார்?" என்று கேட்டேன்.

ஞானமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறந்துபோச்சுன்னு எப்படித் தெரியும் தம்பி?"

"காஞ்சிருக்கே சார்."

"காஞ்சது வேற, செத்தது வேற. ஒரு மழ பெஞ்சு, அப்பவும் தளுக்கலைன்னாத்தான் செத்தது. மழ பெஞ்சிச்சா?"

"இல்ல சார்."

"அப்ப யாரும் சாகல. காய்ந்த நிலையில் உள்ளதுன்னு எழுதுங்க. தண்ணி ஊத்துங்க."

அப்படித்தான் நானூற்று இருபத்தொன்பது காய்ந்த குச்சிகளுக்கு, வாரம் இரண்டு நாள், குச்சிக்கு ஒரு குடம் நல்ல குடிநீர் ஊற்றினோம். கரட்டூர்ப் பெண்கள் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் சீனியம்மா என்பவளுக்கு வாய் நீளம். என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை; 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவாள். "யய்யா கணக்கு, செத்த பொணத்துக்குப் பால் ஊத்துறது ஒரு நாத்தான. நீங்க வாராவாரம் ஊத்துறீகளே. எங்க வீட்டுல உசுரோட அஞ்சு பேரு நாக்க நீட்டிக்கிட்டு இருக்கோம்."

நான் ஞானமுத்துவிடம் சொன்னேன். அவர் உத்தரவை எடுத்து இரண்டு முறை வாசித்தார். பிறகு சீனியம்மாவைப் பார்த்து மிகுந்த மரியாதையுடன், "அம்மா, தண்ணிய யாருக்கும் குடுக்க எனக்கு அதிகாரமில்ல. குழிக்குள்ள ஒரு குடம் ஊத்தணும்னு எழுத்துல இருக்கு. குழிக்குள்ள என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாதுன்னு எழுத்துல இல்ல" என்றார்.

சீனியம்மா எழுந்து போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை லாரி வந்தபோது, காய்ந்த குழிகளில் எல்லாம் காய்ந்த குச்சியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒரு குடம் உட்கார்ந்திருந்தது. மண்குடம், பித்தளைக்குடம், ஈயம் பூசிய தவலை, குடம் போதாத வீட்டில் சோற்றுப்பானை. வெள்ளை மேட்டின்மேல் பன்னிரண்டு அடிக்கு ஒரு பானையாக நானூற்று இருபத்தொன்பது பானைகள். ஏழாவது முடிச்சுக்கு உரியவை மட்டும் நாலு விரல் தள்ளி. ஞானமுத்து வரிசை வரிசையாக நடந்து, பானைகள் குழிக்கு நடுவில் இருக்கின்றனவா என்று பார்த்தார்.

அன்று முதல் கரட்டூர்க்காரர்கள் மூன்று மைல் நடப்பதை நிறுத்தினார்கள்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் தலா பத்துக் குடம் என்றால் நானூற்று முப்பது. இருப்பது நானூற்று இருபத்தொன்பது. ஒரு வீட்டுக்கு ஒன்பதுதான் வரும். ஒருநாள் எண்பத்தெட்டாம் குழியின் நோஞ்சான் வேம்புக்கு முன்னால் குந்தி, அதன் தலையைப் பிடித்துவிட்டேன். ஒரு இழுப்பு, கணக்குச் சரியாகிவிடும். பின்னால் ஞானமுத்துவின் குரல்.

"தம்பி, என்ன பண்றீக?"

"கணக்கு வரல சார். ஒண்ணு இடிக்குது."

"இடிக்கட்டும். கொறைய ஒரு வீட்டுலயே வைக்காம வீடு வீடாச் சுத்த விடுங்க. கைய எடுங்க."

எடுத்தேன். குறை ஒரு குடம் ஒவ்வொரு நடையும் ஒரு வீடாகச் சுற்றியது. அதற்கு நான் தனியாக ஒரு அட்டவணை போட்டேன்.

இன்னொரு வினோதம். முந்நூற்றுப் பதினேழாம் குழியில் காய்ந்துகிடந்த வாகை ஒருநாள் இரண்டு இலை விட்டது. ஞானமுத்துவின் சித்தாந்தம் ஜெயித்தது. ஆனால் அது சீனியம்மா வீட்டுக் குழி. அவள் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவி மட்ட, இம்புட்டு நாளு சும்மா கெடந்துட்டு இப்பத்தானா தளுக்கணும்? எங் கொடம் போச்சே!" என்று ஒப்பாரி வைத்தாள். நல்லவேளை, அதே வாரம் நானூற்று இரண்டாம் குழி காய்ந்தது. மொத்தத்தில் மாற்றமில்லை.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு கடிதம் வந்தது. 'காய்ந்த நிலையில் உள்ளது' என்ற வாசகம் புதிதாக வந்த பெரிய அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. தாமே நேரில் வந்து எண்ணப் போவதாகவும், பச்சையாக இருப்பது மட்டுமே கன்றாகக் கருதப்படும் என்றும், பச்சை பாதிக்குக் குறைந்தால் திட்டத்தைக் கைவிட்டு லாரியை வேறிடத்துக்கு அனுப்பிவிடப் போவதாகவும் எழுதியிருந்தார். பாதி என்றால் முந்நூற்று இருபது. எங்களிடம் இருந்தது இருநூற்றுப் பதினொன்று. நூற்று ஒன்பது குறைவு. வருவதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

ஞானமுத்து அந்தக் கடிதத்தையும் காலை ஏழு மணி வாசிப்பில் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டார்கள். லாரி நின்றால் மறுபடி மூன்று மைல். அந்தக் கோடையில் அங்கேயும் ஊற்று வற்றிக்கொண்டிருந்தது. சீனியம்மாதான் வாயைத் திறந்தாள்.

"பச்சையா இருந்தாப் போதும்னுதான அவுக எழுதியிருக்காக?"

"ஆமா."

"எங்க வேலியில இருக்கே திருகுகள்ளி. மழ பெஞ்சாலும் பச்ச, பெய்யாட்டாலும் பச்ச. ஆடும் திங்காது, ஆபீசரும் திங்க மாட்டாக. நடுவமா?"

நான் பயந்து ஞானமுத்துவைப் பார்த்தேன். இலாகாவை ஏமாற்றுவது என்று எனக்குத் தோன்றியது. அவர் கடிதத்தை மூன்று முறை படித்தார். "என்ன ரகம்னு இந்த எழுத்துல இல்ல" என்றார். பிறகு, "ஆனா நட்டா ஒழுங்கா நடணும்" என்றார்.

ஏமாற்றுவதற்கு அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. கொம்பு மூன்றடி இருக்க வேண்டும் என்றார். வெட்டிய கொம்பை உடனே நடக் கூடாது. நிழலில் ஐந்து நாள் போட்டு வெட்டுவாயில் பால் உலர வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். குழி மண்ணைக் கிளறி, கீழே ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி, வெட்டும்போது பெண்கள் முந்தானையால் முகத்தைச் சுற்றிக் கட்டவைத்தார். நூற்று ஒன்பது கொம்பு போதும் என்று நான் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. தன் வீட்டுக் குழி பச்சையாக இல்லாவிட்டால் தன் வீட்டுத் தண்ணீர் போய்விடும் என்று எல்லாருக்கும் பயம். வீட்டுக்குப் பத்துக் கொம்பு வந்தது.

அந்த நடையில் ஒன்பது குடத்துக்காரி சீனியம்மா. "உனக்கு ஒம்பது கொம்புதான் வேணும்" என்றேன்.

"ஏன், தண்ணியிலதான் ஒண்ணு கொறச்ச, கொம்புலயும் கொறைப்பியோ? ஊரு பத்துன்னா நானும் பத்து."

நானூற்று இருபத்தொன்பது குழியிலும் நட்டு முடித்தபோது என் கையில் ஒரு கொம்பு மிஞ்சியது. அதற்குக் குழியும் இல்லை, எண்ணும் இல்லை. தூக்கிப்போடவும் மனமில்லை. சாலை வாயிலில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக ஊன்றி வைத்தேன்.

அதிகாரி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். ஆற்றுப் பாசன ஊர்க்காரர், கனத்த உடம்பு, முழங்கால் வலி. ஜீப் முதல் வரிசைப் பெட்டிக்கு முன்னால் நின்றது.

"சாலையை மூடிவிட்டீர்கள். நல்லது" என்றார். கொஞ்ச நேரம் எதிரே நீண்டுகிடந்த ஒரு மைலைப் பார்த்தார். "நான் எப்படி உள்ளே போவது?"

"நடந்துதான் சார். சாலை மூடியிருக்கு" என்றார் ஞானமுத்து.

அதிகாரி தன் முழங்காலைத் தடவினார். சாலையைத் திறக்கச் சொன்னால் தம் இலாகாவின் உத்தரவைத் தாமே மீறியதாகும். திரும்பிப் போனால் பார்வையிடாமல் போனதாகும். அந்த நேரத்தில் ஜீப்புக்குப் பின்னால் சுப்பையாவின் லாரி ஆரன் அடித்தது. "ஏலே, தோட்டத்தத் தூக்குங்கடா! எவன்டா அது முன்னால ஜீப்ப நிறுத்துனவன்?"

பழக்க தோஷம். பெண்களும் ஆட்களும் ஓடிவந்து, அறுபத்து நான்கு பெட்டிகளையும் ஒன்பதே நிமிடத்தில் ஓரமாக வைத்துவிட்டார்கள். ஜீப் முன்னால், லாரி பின்னால். கடந்ததும் பெட்டிகளைத் திரும்ப வைத்தார்கள். அதிகாரி ஜீப்பில் திரும்பி உட்கார்ந்து, தமக்குப் பின்னால் சாலை மூடப்படுவதைக் கடைசிவரை பார்த்தார்.

மேட்டில் இறங்கி, பச்சைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இது கள்ளி."

"ஆமா சார்."

"இது உயிரோடு இருக்கிறதா?"

ஞானமுத்து ஒரு நுனியைக் கிள்ளினார். பால் சொட்டியது. அதிகாரி பத்துக்கு ஒன்றாகக் கிள்ளிக் காட்டச் சொன்னார். நான் அறுபத்து நான்கு கிள்ளினேன். நாற்பத்து மூன்றில் பால் வந்தது. மற்ற இருபத்தொன்று கள்ளி அல்ல, நிஜக் கன்று. அறுநூற்று நாற்பதும் பச்சை என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதோடு போயிருக்கலாம். ஆனால் அவர் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்துவிட்டார்.

"இவர்கள் யார்?"

"தண்ணி ஊத்துறவுக சார்."

"சரி, ஊற்றட்டும். பார்க்கிறேன்."

ஞானமுத்து என்னைப் பார்த்தார். நான் பெண்களைப் பார்த்தேன். வேறு வழியில்லை. நாற்பத்து மூன்று வீட்டுப் பெண்களும், நாலு நாளுக்கு வீட்டில் வைத்துக் குடிக்க வேண்டிய தண்ணீரை, தண்ணீரே வேண்டாத கள்ளிக்கு ஒவ்வொரு குடமாக ஊற்றினார்கள். வெள்ளை மண் 'சொர்ர்' என்று குடித்தது. அந்தச் சத்தத்தை நானூற்று இருபத்தொன்பது முறை கேட்டேன். சீனியம்மா ஒவ்வொரு கொம்புக்கும் ஊற்றும்போது, "குடி. நல்லாக் குடி. எம் மகன் நாளைக்குக் குடிச்சுக்கிருவான்" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஞானமுத்து வடக்கே எதையோ பார்ப்பதுபோல நின்றார். வடக்கே ஒன்றும் இல்லை.

ஊற்றி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கொஞ்சம் தண்ணீர்" என்றார்.

லாரியில் சொட்டு இல்லை. ஞானமுத்து கூஜாவை நீட்டினார். "இது எங்க வீட்டுத் தண்ணி சார். லாரித் தண்ணி கன்றுகளோடது. நாங்க தொடுறதில்ல."

அதிகாரி கூஜாவை வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் நின்றார். நாற்பத்து மூன்று பெண்களும் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குடங்களைப் பார்த்தார். குழிகளைப் பார்த்தார். குழிகளின் ஓரத்தில் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்திருந்த வட்டத் தடங்களைப் பார்த்தார் என்று ஞானமுத்து பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை, நான் பெண்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வீட்டில் தண்ணீர் இருக்கிறதா அம்மா?" என்று சீனியம்மாவிடம் கேட்டார்.

"கன்னுக்கு இருக்குல்ல சாமி. அது போதும்" என்றாள்.

அவர் ஒரே ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கூஜாவைத் திருப்பிக் கொடுத்தார். பார்வைப் பதிவேட்டைக் கேட்டார். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எழுதினார். அவர் போனபின், பெட்டிகளை மறுபடி தூக்கி மறுபடி வைத்தபின், ஞானமுத்து அதை உரக்க வாசித்தார்.

"நட்டவை அறுநூற்று நாற்பது. பச்சை அறுநூற்று நாற்பது. இந்த மண்ணுக்குக் குழிக்கு ஒரு குடம் போதாது. இன்று முதல் இரண்டு குடமாக உயர்த்தவும். இன்று பிற்பகலே இரண்டாம் குடம் ஊற்றப்பட வேண்டும். சாலை இப்போது மூடியிருப்பதுபோலவே மூடியிருக்கட்டும்."

மூன்று மணிக்கு லாரி வந்தது. பானைகள் ஏற்கெனவே கள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அதிகாரி தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று ஞானமுத்துவிடம் கேட்டேன். "எழுத்துல இருக்கு. போதும்" என்றார். அடுத்த நடையிலிருந்து வீட்டுக்கு இருபது குடம். இருபது நாற்பத்து மூன்று எண்ணூற்று அறுபது. வந்தது எண்ணூற்று ஐம்பத்தெட்டு. குறை இரண்டாயிற்று. பழைய அட்டவணையைக் கிழித்துப் புதிது போட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. அதற்கடுத்த வருஷம் ஊருக்கு ஆழ்குழாய்க் கிணறு வந்தது, லாரி நின்றது. ஐந்து நாள் நிழலில் உலர்த்தி, புழுக்கை போட்டு நட்ட கள்ளிகள் ஒன்றுவிடாமல் வேர்விட்டன. அவற்றின் நிழலில் புல் வந்தது, மண் நின்றது, நிஜ வேம்புகளும் பிழைத்தன. சுரங்க மேட்டில் பசுமை பிடித்த முதல் இடம் என்று இலாகாவே எங்களைச் சுற்றறிக்கையில் பாராட்டியது. என்ன ரகம் என்று அதிலும் எழுதவில்லை.

புதிய பையன்கள் வந்துபோன மறுநாள் பஸ் ஏறி கரட்டூருக்குப் போனேன். எண்ணலாம் என்று நோட்டும் கொண்டுபோனேன். மேட்டில் கால் வைக்க முடியவில்லை. ஒரு கள்ளி எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பின்னிக் கிடந்தது. அதற்கு நடுவே வேம்பு எது, வாகை எது, அவற்றில் எத்தனை என்று வெளியே நின்று என்ன எண்ண முடியும்? இருபத்து மூன்று வரை போய் மூன்று முறை விட்டுவிட்டேன். ஆகாயத்துக் கருவிக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது சாலை வாயிலில், பெட்டிகள் இருந்த இடத்துக்கு ஓரமாக, தனியே ஒரு கள்ளி. இரண்டாள் உயரம். அடியில் மரம் மாதிரியே தடித்துவிட்டது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாதது. நுனியைக் கிள்ளிப் பார்த்தேன். பால் வந்தது.

நோட்டில் எழுதினேன்: பச்சை, ஒன்று.